பழவேற்காட்டு இறால் சேற்றை வரைபடத்தில் ஏற்றப் போனோம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் பக்கத்திலிருக்கும் கடலை நான் பார்த்ததில்லை. ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் வாய்த்தது, அதுவும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் நிர்மலா கூப்பிட்டதால். வால்வு தொழிற்சாலையில் அளவு சரிபார்ப்பது அவள் வேலை. ஊர், பழவேற்காட்டை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம்.

"கவர்மென்ட்ல கடலோர வரைபடத்துக்கு வரைவு போட்டிருக்காங்க. நாங்க இறால் பிடிக்கிற இடம் அதுல வெறும் தண்ணியா இருக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும். நான் எண்ணைப் படிக்கிறேன், நீ எழுதிக்கோ" என்றாள். வரைபடத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தை நாளை யாரும் எதற்கும் கேட்கலாம். இங்கே வலை போட்டவர்கள் நாங்கள் என்று காட்ட குப்பத்திடம் ஒரு தாள்கூட இல்லை.

கும்மிடிப்பூண்டியில் காலை 4.55க்கு ரயில் ஏறினோம். பொன்னேரிக்குக் கால் மணி நேரம், ஐந்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காடு சுமார் இருபது கிலோமீட்டர். சாதாரண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை, எங்களுக்குக் கிடைத்தது. (தண்ணீர் பாட்டிலை பொன்னேரியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.) 6.40க்கு படகில் இருந்தோம். ஓட்டியவர் நிர்மலாவின் அக்கா வீட்டுக்காரர் முருகேசன்.

முகத்துவாரம் தாண்டி அரை மணி நேரம் போனதும் இன்ஜினை நிறுத்தி, "இதான்" என்றார். நிர்மலா கைபேசியைப் பார்த்து அட்சரேகை, தீர்க்கரேகை படிக்க, நான் எழுதினேன். நான்கு மூலைகள் முடிந்தன. வேலை சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். நிர்மலா மட்டும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கீழே விட்டாள். குண்டின் அடியில் துணி சோப்பு அப்பியிருந்தாள். மேலே வந்தபோது சோப்பில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது.

"மாமா, இது மணலு."

"ஆமா."

"நம்ம இறாலு சேத்துலதானே கெடக்கும்?"

முருகேசன் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "பழக்கமாப் போச்சு நிம்மி. வேற ஆளு படகுல ஏறினா கை தானா இங்க திருப்பிடுது."

"நான் வேற ஆளா?"

"உன்னச் சொல்லல. அந்தத் தங்கச்சி நோட்டு வெச்சிக்கினு குந்தியிருக்குதே."

பதினெட்டு வருடமாக அந்தச் சேற்றைப் பக்கத்துக் குப்பத்துக்குத் தெரியாமல் காத்து வந்திருக்கிறார். ஜிபிஎஸ் கருவிகூட வாங்கவில்லை. மெஷினில் ஏற்றினால் மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

"நீ எழுதிக் குடு, நாளைக்கே தேசப்பன் வந்து நிப்பான்" என்றார். தேசப்பன் பக்கத்துக் குப்பத்துக்காரர்.

"எழுதலன்னா நீயே நிக்க முடியாது மாமா."

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். படகு தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பீடி முடிந்ததும் இன்ஜினைக் கிளப்பினார். வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் மறைந்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டி சவுக்குத் தோப்பின் முனைக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். இந்த முறை சோப்பில் கருஞ்சேறு வந்தது. நான் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டு நான்கு மூலைகளையும் புதிதாக எழுதினேன்.

ஒரு குப்பம் மட்டும் கேட்டால் தள்ளிவிடுவார்கள், இரண்டு குப்பமாகப் போக வேண்டும் என்றாள் நிர்மலா. எப்படியும் தெரியத்தான் போகிறது என்று முருகேசனே தன் கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "தேசப்பா, எங்க சேத்தை மேப்புல ஏத்துறோம். உங்க ஊரும் கையெழுத்துப் போடணும்."

"எது, டேங்குக்கு நேரா இருக்குதே, அதா?"

முருகேசன் கைபேசியைத் திருப்பி அதன் திரையைப் பார்த்தார்.

"தெனமும் நீ கரை ஏறின பெறவு அஞ்சு வருசமா வந்துக்கினுதானே கீறேன். ஆனா சின்னக் கண்ணி வலை ஒருநாளும் கொண்டாந்ததில்ல, அத்த ஒத்துக்கோ. தெக்கால இன்னும் ரெண்டு வலை தூரம் சேறு போவுது, அத்த உட்டுடாத."

நிர்மலா சிரித்த சிரிப்பில் அவள் கைபேசி தண்ணீருக்குள் போயிருக்கும். "சேத்தை வுட்டு அவன் மூஞ்சிய ஏத்தணும் மேப்புல" என்று முணுமுணுத்தபடி முருகேசன் படகைத் தெற்கே திருப்பினார். சேறு இருந்தது, இன்னும் இரண்டு புள்ளிகள் எழுதினேன். பதினெட்டு வருடத்தில் அவர் அந்தப் பக்கம் குண்டு போட்டதே இல்லையாம்.

திங்கட்கிழமை நானும் நிர்மலாவும் அரை நாள் விடுப்பு போட்டோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்குப் பெரியபாளையம் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முருகேசனும் தேசப்பனும் எங்களுக்கு முன்பே ஆட்சியர் அலுவலக வாசலில், பேசிக்கொள்ளாமல், ஒரே மரத்தடியில் நின்றார்கள். மனுவில் ஆறு புள்ளிகள், ஒரு வரைபடம், கீழே இரு ஊரும் பின்பற்றும் விதிகள்: குஞ்சுகளையும் அள்ளிவிடும் சின்னக் கண்ணி வலை கூடாது, சினை நண்டு ஏறினால் திரும்பக் கடலில் விட வேண்டும். 4.20க்கு முத்திரை விழுந்த ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தது. அதை முருகேசன் தேசப்பனிடம் கொடுத்து, "நீயே வெச்சிக்கோ, எங்க ஊட்ல எலி" என்றார்.

கடலைக் காப்பது பற்றி நான் படித்த புத்தகங்களில் ரோந்துக் கப்பல்களும் ஒப்பந்தங்களும் இருந்தன. சட்டம் கேட்கும் முன்பே சினை நண்டைத் திரும்ப விட்டவர்கள் அவற்றில் இல்லை. அந்த மனுவில் என் கையெழுத்தில் எழுதிய எண்கள் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை. இறுதி வரைபடம் இன்னும் வரவில்லை.

போகிறவர்கள் காலை ஏழுக்குள் கரையில் இருங்கள். ஒன்பதுக்கு மேல் காற்று ஏறும். உயிர்காப்பு உடை கேட்டு வாங்கி அணியுங்கள். படகில் ஏறியதும் கைபேசியின் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். மேலே சொன்ன அடையாளங்களைக்கூட நான் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை யாருக்குக் காட்டுவது என்பது இரண்டு குப்பத்துக்காரர்கள் பேசி முடிவு செய்ய வேண்டியது.