குருவிக்கு எண்ணத் தெரியாது

நான் பள்ளிக்கூட டீச்சர். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள். நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, நானே பாதிதான் நம்புகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன், சித்திரை பிறந்த சமயம். என் கணவருக்குப் பறவைகளைப் படமெடுக்கிற பைத்தியம். அலங்காநல்லூருக்கு அப்பால் ஒரு புதரில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. அதற்கு எதிரே என் பழைய சேலையைச் சுற்றி, ஒரு ஆள் ஒளிந்துகொள்கிற கூடாரம் போட்டிருந்தார். இரண்டு பேர் உள்ளே போய் ஒருவர் வெளியே வந்தால் போதும், எல்லோரும் போய்விட்டதாகக் குருவி நினைத்துக்கொள்ளும், அதற்கு எண்ணத் தெரியாது என்பார். எப்போதும் அவர்தான் உள்ளே இருப்பார். அன்று நான் ஆசைப்பட்டேன். பட்டிருக்கக் கூடாதோ என்னவோ. ஒன்றரை வயது மகளைப் புளியமரத்தடியில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனோம். அவர் மட்டும் வெளியேறி, தண்ணீர் எடுக்கக் கிணற்றுப் பக்கம் போனார்.

குருவி உடனே வந்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாடியது. கேமராச் சத்தத்துக்குக்கூட அசையவில்லை, உள்ளே நிஜமாகவே யாரும் இல்லாததுபோல. ஏழெட்டுப் படம் எடுத்ததும் எனக்கு என்னவோபோல் ஆகி, எழுந்து மரத்தடிக்கு வந்தேன். நாத்தனார் தனியாக வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா எங்க?”

“என்ன மதனி, விளையாடுறீகளா? இப்பத்தான வந்து தூக்கிட்டுப் போனீக.”

“நான் எங்கடி வந்தேன்?”

“அண்ணன் அங்கிட்டுப் போகவும் வந்தீக. படம் எடுத்தாச்சான்னு கேட்டேன், வாயே தொறக்கல. கேமராவத் தொட்டதும் அம்புட்டு ராங்கியான்னு நெனச்சேன்.”

எனக்குக் கிணறுதான் கண்ணுக்குள் வந்தது. ஓடினேன். அவர் யாரையும் பார்க்கவில்லை என்றார், அப்படியே இறங்கி இடுப்பளவுத் தண்ணீரைக் காலால் துழாவினார். இல்லை. வரப்பு வரப்பாகக் கத்திக்கொண்டு திரிந்தோம். கடைசியில் நாத்தனார்தான் கூடாரச் சேலையை விலக்கிப் பார்த்தாள்.

பிள்ளை உள்ளே இருந்தாள், நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். அந்நியர் தொட்டாலே ஊரைக் கூட்டுகிறவள், அழுத அடையாளமே இல்லை. கடைவாயில் பால் வழிந்திருந்தது. நான் பால் மறக்கடித்து மூன்று மாதமாகியிருந்தது.

அவர் அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. நாங்கள் அதைப் பேசுவதும் இல்லை.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நான் கை நீட்டினால் உடனே வரமாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

“யாரத் தேடுற?” என்றால், “நீ மட்டுந்தான் வந்தியாம்மா?” என்பாள்.