கடைசிக் குழியில் இறங்கிய பனி

போன மாதம் எங்கள் மலையூரான தானா ராத்தா பக்கத்துக் கோல்ஃப் திடலில் நடந்த போட்டியில் நான் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன். எனக்குப் பின்னால் வந்த இருவரில் ஒருவருக்கு அண்மையில்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இன்னொருவர் மகளைப் பஸ் ஏற்றிவிடப் பாதியிலேயே கிளம்பிவிட்டார். ஆக, என் இடம் நேர்மையாக உழைத்துப் பெற்றது.

கடைசிக் குழிக்கு வந்தபோது பனி இறங்கியது. கூட ஆடியவர்கள் மரியாதையாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தட்டினேன். பந்து குழிக்குள் விழுந்தது. அன்று நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான். சத்தம் அடங்கிய பிறகும் நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர், “சார், முடிஞ்சிருச்சிலா,” என்று மெதுவாகச் சொன்னார்.

முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனால் அதே குழியருகே, அப்படியொரு பனியில், ஒரு குரலுக்குப் பதில் சொல்லித்தான் என் அப்பா தோற்றார்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர். அதற்கு முன் மலையில் வேலை. அதற்கும் முன், சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் துரைக்குக் கோல்ஃப் பை தூக்கியவர். அந்தத் துரை ஊருக்குப் போகும்போது பாதி கம்புகளை அப்பாவிடம் விட்டுப் போனார். மீதிப் பாதியை ஏன் கொண்டுபோனார் என்று அப்பா கடைசிவரை யோசித்தார். இருந்ததில் அவருக்குப் பிடித்தது பந்தைக் குழிக்குள் தள்ளும் கம்பு. அதற்கு உருட்டுக்கம்பு என்று பெயர் வைத்திருந்தார்.

வேலை முடிந்ததும் தோட்டத்துப் பந்துத் திடலின் மூலையில் தனியாக நின்று உருட்டிக்கொண்டிருப்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு அது தினசரிக் கேளிக்கை. “என்னண்ணே, பாம்பு அடிக்கிறியா?” என்பார்கள். “நீயே அடிக்கிற, நீயே போயி தேடுற, எதுக்குண்ணே ரெண்டு வேல?” என்பார்கள். அம்மாவின் விமர்சனம்தான் கொஞ்சம் ஆழமானது. அம்மா கொழுந்து எடுப்பவள். நாள் முழுக்க நாலு பேரோடு பேசிக்கொண்டே வேலை செய்து பழகியவள். “பேச்சுத் தொணைக்கி ஒரு ஆளு இல்லாத வெளையாட்டு என்னா வெளையாட்டுலா?” என்று கேட்டாள். அப்பா அடுத்த பந்தை உருட்டினார்.

அந்தக் கோல்ஃப் திடலில் வருடத்திற்கு ஒரு முறை வெளியாட்களும் கலந்துகொள்ளும் ஒரு போட்டி வைப்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா அதில் பெயர் கொடுத்தார். கோப்பையின் மேல் அவருக்கு ஆசையில்லை. கிளப் கட்டடத்துக்குள் ஒரு மரப்பலகை இருந்தது. ஜெயித்தவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் அதில் எழுதுவார்கள். பை தூக்கிய காலத்தில் வாசற்படியோடு நிறுத்தப்பட்டவர், அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்து அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்திருந்தார். எல்லாம் துரைமார் பெயர்கள். எனக்குப் பாட்டுப் போலச் சொல்லிக் காட்டுவார். கடைசியில் தன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவர் போல வேறு பக்கம் பார்ப்பார்.

அன்று கல்யாணச் சட்டையும், காலில் என் அண்ணனின் வெள்ளை பூசிய பள்ளிக்கூடச் சப்பாத்தும் அணிந்து போனார். சப்பாத்து கடித்தது. கூட ஆடியவர்கள் இருவர்: ஈப்போவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர், ஒரு வங்கி அதிகாரி. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொண்டார்கள். அப்பாவின் முறை வரும்போது தலையை அசைத்தார்கள். காலையிலிருந்து அவரைப் பெயர் சொல்லியோ, முறை சொல்லியோ ஒருவரும் கூப்பிடவில்லை. திடலின் ஓரமாகவே நடந்துவந்த நானும் அம்மாவும் பார்த்தது ஒரு முதுகைத்தான். அது மற்ற இரண்டு முதுகுகளையும் விட்டுக் கொஞ்சம் தள்ளியே போனது.

ஆனால் நன்றாக ஆடினார். கடைசிக் குழிக்கு வரும்போது, இதை உருட்டிவிட்டால் ஜெயிப்பது அப்பாதான் என்று பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் தூரம். தோட்டத்துத் திடலில் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

அப்போது பனி இறங்கியது. வேலியோரம் நின்ற எங்களுக்கு முதலில் அப்பா மறைந்தார். பிறகு புல் மறைந்தது. கிளப் ஆள் ஒருவர், யாரும் சத்தம் போடக் கூடாது என்று கையைத் தூக்கினார். கையும் மறைந்தது.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் பனி மூடினால் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கும் ஆள் தெரியாது. எங்கே தண்ணீர் ஓடும் கான், எங்கே சரிவு என்றும் தெரியாது. அதனால் யாராவது ஒருத்தி குரல் கொடுப்பாள். கேட்டவர்கள் எல்லோரும் பதில் கொடுத்தாக வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் கங்காணி ஒருவரையும் கீழே இறங்க விட மாட்டார். கையில் இருப்பதைப் போட்டுவிட்டாவது பதில் சொல்ல வேண்டும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அம்மாவும் யோசிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மலைக்குக் கேட்கிற மாதிரி, “ஓஓ...ய்” என்றாள்.

பனிக்குள்ளிருந்து உடனே வந்தது: “ஓஓய், இங்கதான் இருக்கேன்.”

அந்தப் பதிலுக்கு நடுவில் எங்கோ, கம்பு பந்தில் படும் ‘டொக்’ என்ற சத்தமும் கேட்டது.

பந்து குழியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றதாம். கோப்பை பல் மருத்துவருக்குப் போனது. பனி கொஞ்சம் கலைந்ததும் கிளப் ஆள், கத்தியது யார் என்று மலாயில் கோபமாக விசாரித்துக்கொண்டு வந்தார். அம்மா என் கையைப் பிடித்தாள். அப்பா எங்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, “சாயா பூஞா ஓராங்,” என்றார். என்னுடைய ஆள் என்று அர்த்தம். அம்மாவுக்குக் கொடுத்த குரலைத் தவிர, அன்று அந்தத் திடலில் அவர் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு நடந்தோம். சப்பாத்துக் கடியோடு அப்பா பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அம்மா கேட்டபோது, “பனிலா, குழியே தெரியல,” என்றார். எனக்கு அது பொய் என்று தெரியும். அம்மாவுக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

தேயிலைக்குள் ஏறும் மண்பாதைக்கு வந்தபோது பனி முற்றாக விலகி வெயில் அடித்தது. ஒவ்வொரு பச்சை நிரையும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே, “ஓஓய்,” என்றாள்.

“ஓய்,” என்றார் அப்பா.

அடுத்த வளைவிலும் கூப்பிட்டாள். அவரும் பதில் சொன்னார். லயம் வரும்வரை இப்படியே. அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டே வந்தது. நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தார். இத்தனை பக்கத்தில் இருக்கிற ஆளை, இந்த வெயிலில், எதற்குக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.