எங்கள் வீட்டுப் பட்டப்பெயர்

எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, பரம்பரையாகப் பெயருக்கு முன்னால் போடுவது. சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. திண்டிவனம் தாண்டி யாரிடம் சொன்னாலும் "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார்கள். அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. என் பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் வெறும் இனிஷியல்தான். ஆனால் மாரியம்மன் கோயிலுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த டியூப்லைட்டில், பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, சிவப்புப் பெயிண்டில் அந்தப் பெயர் இருக்கும். ஆடித் திருவிழா நோட்டீஸில் 'வகையறா' என்ற வாலோடு வரும். கல்யாணப் பத்திரிகையில் தடித்த எழுத்தில் நிற்கும்.

என் கல்யாணத்துக்குப் பத்திரிகையே அடிக்கவில்லை. சாதி மாறிக் கட்டிக்கொண்டவளுக்கு யார் அடிப்பார்கள்? விழுப்புரத்தில் ரிஜிஸ்டர் கல்யாணம். பிறகு தம்பியின் கல்யாணப் பத்திரிகையைத் தெரிந்தவர் வீட்டில் பார்த்தேன். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் பட்டப்பெயரோடு வரிசையாக இருந்தார்கள். நான் பிறக்கவே இல்லை. தொலையட்டும் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் அப்பா இறந்தார். எனக்குத் தகவல் சொன்னது அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு அத்தை. அடித்துப் பிடித்து ஓடினேன். தெருமுனையிலேயே கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. பட்டப்பெயர் இரண்டடி உயரத்துக்கு. கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அதற்கும் கீழே தம்பியின் கபடி டீம் மொத்தமும், கூலிங் கிளாஸ் போட்ட போட்டோக்களோடு. என் பெயர் இல்லை.

எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து வந்த தம்பியிடம் கேட்டேவிட்டேன்.

"என் பேரு எங்கடா?"

"எடம் பத்தலக்கா. பேனர்காரன் ஜல்தியா அடிக்கணும்னு இருந்தத வெச்சி போட்டுட்டான்."

"கருமகாரியப் பத்திரிகைலயாவது போடு. அப்பாவுக்கு நான் பொண்ணுன்னு ஒரு எடத்துல இருந்தா போதும்."

"பாக்கறன்க்கா" என்றான். நன்றாகத்தான் பார்த்தான். அந்தப் பத்திரிகையும் அத்தை வாட்ஸ்அப்பில்தான் எனக்கு வந்தது. அதிலும் நான் இல்லை.

மூன்று மாதம் கழித்து அவனே போன் செய்தான். "அக்கா, சாப்ட்டியா?" என்று ஆரம்பித்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்பா வேர்க்கடலை பயிரிட்ட நிலத்தை, எங்கள் மல்லாட்டைக் கொல்லையை, தன் பெயருக்கு மாற்றுகிறானாம், திண்டிவனம் வந்து ஒரு கையெழுத்துப் போடவேண்டுமாம்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதுகிறவர் கடை. டைப் அடித்த விடுதலைப் பத்திரத்தை அவர் சத்தமாகப் படித்தார். பட்டப்பெயர், அப்பா பெயர், 'அவர்களின் குமாரத்தி', அப்புறம் என் பெயர். அந்தப் பெயரையும் என்னையும் ஒரே வரியில் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பாத்தியம் எதுவும் இல்லை என்று அடுத்த வரியைப் படித்தார். எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் நான் மகள்.

"இன்னாக்கா யோசிச்சிக்கினு கீற? ஒரு கையெழுத்துதான்."

"பேனர்ல எடம் பத்தல. கருமகாரியப் பத்திரிகைல எடம் பத்தல. இதுல மட்டும் எப்பிட்றா எடம் வந்துச்சி?"

அவன் பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தான். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கொல்லை இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது.