ஆறு இடம் மாறிய சித்திரை

அன்று ஆறு ஏரியில் சேரும் இடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் கணவரின் தம்பி, எதிர்க்கரையில் மாடு மேய்ப்பவர், தோட்டத்துக் கங்காணி. மாடுகளையும் எண்ண வேண்டுமென்றால் பதினொரு பசு, இரண்டு எருமைக்கடா. கங்காணி குடையை மடக்கிச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றார். மாட்டுக்காரர், மாடுகள் என் கேழ்வரகில் வாய் வைக்காதபடி கம்பைக் குறுக்கே நீட்டியிருந்தார். கங்காணி ஒரு சொல் சொன்னால் கம்பை எடுத்துவிடுவார்.

அந்த ஆற்றுக்குப் பெயர் கிடையாது. குமுளிக்குத் தெற்கே மலை உச்சியில் மூன்று ஊற்று. ஒன்று பாறை இடுக்கில், ஒன்று ஏலக்காட்டு நிழலில், ஒன்று புல்மேட்டில். மூன்றும் நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு மேலே ஒன்றாகி, மூங்கில் காட்டுக்குள் புகுந்து, நாங்கள் துணி துவைக்கும் பாறையைத் தாண்டி, அணை கட்டித் தேக்கிய பெரிய ஏரியில் போய்ச் சேரும். நீளம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எந்த மாதம் என்று நான் திருப்பிக் கேட்பேன். கார்த்திகையில் ஏரி ஏறி வந்து துவைக்கும் பாறையையே முழுங்கிவிடும். ஆறு அங்கேயே முடிந்துபோகும். சித்திரையில் ஏரி வற்றிப் பின்வாங்கும்போது, ஆறு அதன் பின்னாலேயே வண்டலை அறுத்துக்கொண்டு இன்னும் ஒரு மைல் நடக்கும். அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் அப்போது இடுப்புவரை வெளியே தெரியும்.

அந்த வண்டலில்தான் எங்கள் பாட்டம், குத்தகை நிலம். தை பிறந்ததும் கங்காணி வந்து வாயால் சொல்லிவிட்டுப் போவார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் மாட்டுக்காரருக்கு. கல் நடுவது கிடையாது. வருஷா வருஷம் ஏரி மூடும் நிலத்தில் கல் நட்டு என்ன பயன்?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கவலைப்பட யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை. அந்த வருஷம் கணவர் குளிர்காய்ச்சலோடு கம்பத்துக்கு இறங்கிப் போய்விட்டார். கேழ்வரகு கைக்கு வந்தால் மழைக்காலம் முழுவதும் கஞ்சி உண்டு. கங்காணியிடம் முன்பணம் வாங்க வேண்டாம். வராவிட்டால் வாங்கத்தான் வேண்டும். வாங்கினால் இன்னொரு வருஷம் அவர் சொன்ன தோட்டத்தில், சொன்ன கூலிக்கு. ஆகவே யானை வருமா, பன்றி தோண்டுமா, ஏரி முன்கூட்டியே ஏறிவிடுமா என்று மாறி மாறிப் பயந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஏரி ஓரத்தில் ஒரு குச்சி ஊன்றி, தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பேன். மூன்று மாதம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அத்தனை காவலும் இருந்தேன்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடைமழை கொட்டியது. வெள்ளத்தில் வேரோடு வந்த ஒரு மரம், மூங்கில் புதரையும் இழுத்துக்கொண்டு, என் நிலத்துக்குச் சற்று மேலே ஆற்றுக்குக் குறுக்கே அடைத்துக்கொண்டது. காலையில் போய்ப் பார்த்தால் ஆறு பழைய தடத்தில் இல்லை. என் நிலத்தின் மறுபக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. பால் பிடித்த கேழ்வரகு அப்படியே நின்றது, ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்காகத்தான் நாங்கள் நான்கு பேரும் அன்று அங்கே கூடி நின்றோம்.

“தண்ணிதான் எல்லைன்னு தையில நீங்கதான சொன்னீக?” என்றார் மாட்டுக்காரர், கங்காணியைப் பார்த்து. “நான் ஒண்ணும் ஆத்தப் புடிச்சுத் தள்ளலையே.”

“போன வருசம் உங்க பக்கம் அரை முழம் அறுத்துச்சே, அப்ப அது எங்களுதுன்னு நாங்க வாயத் தொறந்தமா?” என்றான் கொழுந்தன்.

“அரை முழத்துக்கு எவன்டா வாயத் தொறப்பான்? இது முழு வயலுல்ல.”

கங்காணி கேழ்வரகைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “வழக்கம் வழக்கந்தான் புள்ள. தர்க்கம் பண்ணிப் பிரயோசனமில்ல. ஒனக்கென்ன, ஆனியில வந்து முன்பணம் வாங்கிக்க. நான் இல்லைன்னா சொல்லப்போறேன்?”

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“ஆறு போனா எல்லையும் போகும்னா, ஆறு திரும்பி வந்தா எல்லையும் திரும்பி வரணுமில்ல ஐயா?”

மாட்டுக்காரர் சிரித்துவிட்டார். “ஆறு என்ன ஒன் வீட்டுக் கோழியா தாயி, பா பான்னா திரும்பி வர?”

“வந்தா?”

கங்காணி குடையைப் பிடுங்கிச் சேற்றைத் தட்டினார். “மூணு நாள் தாரேன். மூணாம் நாள் மத்தியானம் வருவேன். அப்ப தண்ணி எங்க ஓடுதோ அதான் எல்லை. அதுவரைக்கும் மாட்ட விடாதீரும் ஓய்.”

பழைய தடத்தில் ஆங்காங்கே குட்டைகள் கிடந்தன. இறங்கி நின்று பார்த்தேன். புதுத் தடத்தைவிட அது ஒரு சாண் பள்ளம். அடைப்பை எடுத்தால் தண்ணீருக்கு இங்கே வரத்தான் மனம் வரும். கொழுந்தனிடம் சொன்னேன்.

“மதினி, யானை வரும்னு சொன்னீக, வரல. பன்னி வரும்னீக, வரல. இப்ப ஆறு வரும்ங்கறீக.”

“பேசாம மம்பட்டிய எடு.”

முதல் நாள் மூங்கிலை வெட்டி வெட்டி இழுத்தோம். கையெல்லாம் கிழிந்தது. இரண்டாம் நாள் மண்ணை வாரினோம். மரம் மட்டும் அசையவில்லை. வேர் சேற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பியதில் கடப்பாரைதான் வளைந்தது. கொழுந்தன் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “இதுக்கு எருமை வேணும்” என்றான்.

அந்தக் கரையில் எருமை வைத்திருந்தவர் ஒருவர்தான். நான் புது ஆற்றைத் தாண்டிப் போய் அவரிடமே கேட்டேன்.

“ஏந்தாயி, என் எல்லைய நானே இழுத்து அங்கிட்டுப் போடணுமா?”

“சும்மா கேக்கல. கூலி தாரேன்.”

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: “கூலின்னா மாடு வரும். மாட்டு வேலை வேற, எல்லை வேற. மரத்த இழுத்துட்டா ஆறு வந்துருமாக்கும்? ரெண்டு ரூபாயும் ஏழு சக்கரமும் குடு.”

முந்தானை முடிச்சில் சில்லறைச் சக்கரம் ஏதும் இல்லை, ஒரு ரூபாய்தான் இருந்தது. அதைக் கொடுத்தேன். மீதியை அறுப்பு முடிந்து தருவதாகச் சொன்னேன். சரி என்று எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். வேலையில் ஏமாற்றவில்லை. வடத்தை வேரில் கட்டும்போது, “அங்க இல்லடா, அடிவேர்ல கட்டு, இல்லாட்டி அறும்” என்று கொழுந்தனைத் திட்டித் திருத்தினார். எருமைகள் மூன்று முறை முட்டி போட்டன. நான்காம் முறை மரம் உறிஞ்சும் சத்தத்தோடு கிளம்பி வந்தது. பின்னாலேயே கலங்கல் தண்ணீர் குட்டைக்குக் குட்டை தாவிப் பழைய தடத்தில் ஓடியது.

ஆனால் பாதிதான் வந்தது. மீதி புதுத் தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் வெட்டிய மூங்கிலையும் புல்கட்டியையும் கொண்டுபோய்ப் புதுத் தடத்தின் வாயில் திணித்தோம். திணிக்கத் திணிக்க அடித்துக்கொண்டு போயிற்று. கங்காணி வந்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில், மூங்கில் கட்டை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

“ரெண்டு பக்கமும் ஓடுதே புள்ள. எத எல்லைங்கறது?”

“எதுல தண்ணி அதிகமோ அத. பாத்துச் சொல்லுங்க ஐயா. நான் நகரமாட்டேன்.”

அவர் கரையிலிருந்து ஒரு பிடி காய்ந்த இலையை அள்ளி, ஆறு பிரியும் இடத்துக்கு மேலே போட்டார். இலைகள் சுழன்றன. நாலைந்து என் முழங்கையில் ஒட்டின. மற்றதெல்லாம் பழைய தடத்தில் இறங்கின. நம்பாமல் இன்னொரு பிடி போட்டார். அதுவும் அப்படியே போனது. மாட்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

“போதும் ஓய், கரையில கெடக்கறதப் பூராம் அள்ளிப்புடாதீரும். கோழி வந்துருச்சு.”

கங்காணி குடையை விரித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்.

பதினெட்டு நாளில் கதிர் அறுத்தோம். கடைசிக் கட்டைத் தூக்கும்போது ஏரி என் குச்சிகளில் மூன்றைத் திரும்ப மூடியிருந்தது. கணவர் ஆடியில் உடம்பு தேறி மேலே வந்தார். மழைக்காலம் முழுவதும் கஞ்சி இருந்தது. முன்பணம் கேட்டு நான் போகவில்லை. அதற்குப் பிறகும் எந்த வருஷமும் போகவில்லை.

அறுத்த கையோடு மாட்டுக்காரருக்கு இரண்டு மரக்கால் கேழ்வரகு கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. “கூலி காசாப் பேசுனது தாயி. காசு வந்ததும் குடு. மாடு எங்க ஓடிப்போகுது?” என்றார். ஆனி மழைக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மறு தையில் எதிர்க்கரைக்கு வேறு ஆள் வந்தார். பழைய மாட்டுக்காரரைப் பற்றிக் கம்பத்துச் சந்தையில் ஆள் வைத்துக்கூட விசாரித்துவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நான் அவருக்கு இன்னும் ஒரு ரூபாயும் ஏழு சக்கரமும் தரவேண்டும்.