பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

இன்று தேனியில், பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடையில் காத்திருந்தேன்.

உத்தமபாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: “பாட்டுக்குப் பாட்டு நடுவுல ஒருத்தரு ரெக்கார்டிங் கடைப் பேரச் சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா. அம்புட்டையும் வெட்டிட்டேன்.”

திருட்டு கேசட் காலத்தில், ஒரு கடை பதிந்த கேசட்டை அடுத்த கடைக்காரன் நகலெடுத்து விற்றுவிடாதபடி அப்படிக் குரல் பதிப்பார்கள்.

அந்த அம்மா பென்டிரைவை அவரிடமே திருப்பி நீட்டினார்.

“பாட்டு எம் போன்லயே கெடக்கு தம்பி. அது எங்க வீட்டுக்காரக குரலு. அவுக தவறிட்டாக.”

கடைக்காரர் கேசட்டை மறுபடி போட்டார். இந்த முறை வெட்டியது பாட்டுகளை.

என் பை நிறையக் கேசட்டுகள். எல்லாமே போனில் கிடைக்கிற பாட்டுகள். அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

உங்கள் கேசட்டுகளில் யாராவது பேசுகிறார்களா?