வேலைக்குக் கட்டும் ரொட்டி

பல்கலைக்கழக விடுதியில் நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் என் சிநேகிதி. பதுளை பசாரில் அவளுடைய வாப்பாவுக்குப் புடவைக் கடை. படிப்பு முடிந்தபின் அவளும் அந்தக் கடையில்தான் நிற்கிறாள். நான் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன்.

விடுதிச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியாத நாட்களில் நான் அம்மாவின் ரொட்டியைப் பற்றிப் பேசுவேன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போகும் ரொட்டி அது. விரல் தடிப்பு. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, கல்லில் வெந்ததும் தணலில் நிமிர்த்தி வைத்து ஓரத்தைக் கருக்கி எடுப்பாள். கூடவே அம்மியில் அரைத்த மாசிக் கருவாட்டுச் சம்பல். ஊவா மாகாணத்தில் அதை மிஞ்சிய ரொட்டி கிடையாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு விடுமுறை முடிந்து வரும்போதும் அவள் என் பையைத் திறந்து பார்ப்பாள். கடை பிஸ்கட்டும் கேக்கும் முறுக்கும் இருக்கும். ரொட்டி இருக்காது. அம்மா எனக்கு ஒருநாளும் பயணத்துக்கு ரொட்டி கட்டித் தந்ததில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

“நாலு வருஷமா நீங்க வாயாலதான் ரொட்டி சுடுறீங்க” என்பாள். சண்டை பிடிக்கும்போதும் நீங்க என்றுதான் பேசுவாள். அவர்கள் வீட்டுப் பழக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாப்பாவின் சின்னக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். துணிக்கட்டு ஏற்றி ஏற்றி அந்தக் காரில் எப்போதும் புதுத்துணி வாசம். திட்டம் அவளுடையது. பதுளையிலிருந்து கொஸ்லந்தவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டம் வரை, வழியில் கிடைக்கிற ரொட்டியையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடுவது. கடைசிப் புள்ளி எங்கள் வீட்டுக்கு.

எனக்கு அது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் பாடசாலைப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்று, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவர். நான் படித்ததைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் அந்த நாலு வருடத்தில் ஒரு சிநேகிதியைக்கூட நான் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கூட்டிவந்ததில்லை. தூரம், பஸ் இல்லை என்று காரணம் சொல்வேன். அது பாதி உண்மை. இவள்தான் முதல் ஆள். எங்கள் வீட்டில், நாங்கள் சாப்பிடுவதை, நாங்கள் சாப்பிடுகிற மாதிரி இவள் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போய்விட்டால் கூட்டிவந்தும் பிரயோசனமில்லை.

அதனால் முதல்நாளே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ரொட்டியும் சம்பலும் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். “சரி, வாங்க” என்றாள் அம்மா. நான் நிம்மதியாகப் படுத்தேன்.

முதலில் நிறுத்தியது ஹாலிஎலயில், அவளுடைய மாமி மகன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில். வீசி மடித்த கோதம்ப ரொட்டி, பருப்பு. ஆறு புள்ளி. சொந்தக்காரன் என்பதால் ஒன்றைக் குறைத்துத்தான் போட்டேன் என்றாள். அவன் கல்லாவில் இருந்தபடியே, சும்மா தின்பவர்களுக்குப் புள்ளி வேறு கேட்கிறதோ என்றான்.

தெமோதரை தாண்டி ஒரு வளைவில், பலகை அடித்த சின்னக் கடையில் ஒரு சிங்கள அம்மா குரக்கன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மேலே ஒரு கரண்டி கட்டச் சம்பல். சிநேகிதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னொன்று கேட்டு வாங்கினாள். நான் சிங்களத்தில் பேசியதும் அந்த அம்மா எந்த ஊர் என்று விசாரித்தார். கொஸ்லந்த என்றேன். இரண்டு மணிக்கு மேல் அந்தப் பக்கம் மழை, நேரத்தோடு போய்ச் சேருங்கள் நங்கி என்றார். ஏழரை புள்ளி.

பண்டாரவளையில் எங்களுக்குள் வழக்கு வந்துவிட்டது. அங்கே ரொட்டிக்கு வெலிமடை உருளைக்கிழங்குக் கறி தந்தார்கள். ரொட்டி தோல் மாதிரி இழுத்தது. கறியோ, கிழங்கு உடையாமல் உள்ளே மாவாக இருந்தது. ரொட்டிக்கு நாலு, கறிக்கு ஒன்பது என்றாள். கறிக்குப் புள்ளி கிடையாது என்றேன். கணித டீச்சரிடம் கூட்டல் செல்லாது என்று கேலி செய்துவிட்டு நாலோடு நிறுத்தினாள். வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று நான் அங்கே அவக்காடோ வாங்கினேன். அவள் பதுளையிலேயே அம்மாவுக்கென்று ஒரு பெட்டி மஸ்கட் அல்வா வாங்கி வைத்திருந்தாள்.

அப்புத்தளையில் ரெயில் பாதையோரம் மூட்டம் இறங்கியிருந்தது. முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் பொல் ரொட்டி சுட்டார். சூடு, தேங்காய் மணம், அந்தக் குளிரில் கையைச் சுடுகிற பிளேன்டீ. நாங்கள் சூடு ஆறுமுன் தின்றுவிட்டோம். எட்டு, என்றாள். எனக்கு உள்ளூரப் பயம் வந்தது. என் அம்மாவின் ரொட்டியோடு ஒப்பிடக்கூடிய ஒன்றை நானே தின்றுவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பெரகலைச் சந்தியில் இடது பக்கம் திரும்பி இறங்கியபோது மூட்டம் விலகி வெயில் வந்தது. தோட்டத்துக் கோயிலடியில் காரை நிறுத்திவிட்டுப் படியேறினோம். எங்கள் லயம் மேலேயிருந்து இரண்டாவது. அம்மா வாசலில் நின்றாள். கல்யாணத்துக்கு மட்டும் உடுத்துகிற நீலச் சேலை. அதைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

முன் காம்பராவில் மேசை போட்டு, அதில் பூப்போட்ட விரிப்பு. மேசை எங்களுடையது இல்லை. இரண்டு கண்ணாடிப் பீங்கான்கள் கவிழ்ந்திருந்தன. வெள்ளைச் சோறு, கோழிக் குழம்பு, பருப்பு, பீட்ரூட், அப்பளம், ஒரு பெரிய போத்தல் சோடா. கை கழுவும் இடத்தில் உறை பிரித்த புதுச் சவர்க்காரம்.

“கோழி நானா கடையில அறுத்ததுங்க, பயப்படாம சாப்பிடுங்க” என்றாள் அம்மா, நாங்கள் உட்காருமுன்பே. முஸ்லிம் கடையில் ஹலாலாக அறுத்த கோழிக்காக விடிய எழும்பி டவுனுக்கு நடந்து போய் வந்திருக்கிறாள்.

பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் எட்டிப் பார்த்து, “பீங்கான் நம்மளுதுதான், பாத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகள் வந்து மேசையும் தங்களுடையதுதான் என்று தெரிவித்தாள்.

சிநேகிதி வயிற்றில் நாலு ஊர் ரொட்டியோடு அந்தச் சோற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பின்னால் அடுப்படிக்குப் போனேன். நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு, மெதுவாகத்தான் கேட்டேன்.

“ரொட்டி எங்கம்மா?”

“வீடு தேடி வந்த புள்ளைக்கு ரொட்டியா போடுவாங்க? நாளைக்கு லயத்துல என்னா பேசுவாங்க?”

“அவ அதுக்குத்தான் வந்தா.”

“அவுங்க பெருந்தன்மைக்கு சொல்லுவாங்க. நாம போடலாமா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து ஐயாமார் வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும், சாவு வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்தாலும் எங்கள் லயத்தில் யாரும் ரொட்டியை எடுத்து வெளியே வைத்ததில்லை. இருக்கிற வீட்டில் சோறு, இல்லாத வீட்டில் கடை பிஸ்கட். ரொட்டி வேலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போவது. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தும் இதை மறந்துவிட்டு, போனில் இரண்டு தடவை கட்டளை போட்டிருக்கிறேன். அம்மாவின் “சரி”க்கு, வாங்க, வந்தபிறகு பார்க்கலாம் என்றுதான் பொருள்.

ஆனாலும் எனக்குக் கோபம். ரொட்டி தின்பதில் என்ன கேவலம், உழைத்துத்தானே தின்கிறோம் என்று படித்தவள் பேசுகிற பேச்செல்லாம் பேசினேன். அம்மா அகப்பையைக் கழுவி மாட்டினாள்.

“நீ டீச்சரு. பள்ளிக்கூடத்துல சொல்லு. இது என் அடுப்பு.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சிநேகிதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோழிக் குழம்பை நன்றாகவே சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு போட்டபோதும் பீங்கானைக் கையால் மறைக்கவில்லை. எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்பா வாசலில் நின்றபடி கார் ஒரு லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டார். அம்மா உட்காரவில்லை, சிநேகிதியின் பீங்கானையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முறையாக நடந்தது. முறையாக நடக்க நடக்க நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இவள் மஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வந்த மாதிரியே படியிறங்கிப் போய்விடுவாள்.

அவள் கை கழுவிவிட்டு வந்து அம்மாவிடம் சாதாரணமாக விசாரித்தாள். காலையில் எத்தனை மணிக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டும், மலையில் பகலைக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று. ரொட்டிதான், பத்து மணித் தேத்தண்ணிக்கே எடுத்துவிடுவோம் என்று அம்மா ஒரு கூச்சமுமில்லாமல் சொன்னாள்.

“எனக்கும் நாளைக்கு வேலை ஈக்கி அம்மா” என்றாள் சிநேகிதி. “கடைக்குப் போகணும். நீங்க வேலைக்குக் கட்டுற மாதிரி எனக்கும் கட்டித் தாங்களேன்.”

அம்மா பலகைத் தடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது என்பது அம்மாவுக்கும் விளங்கியிருக்கும்.

“என்னா வேலைங்க உங்களுக்கு?”

“துணி விரிச்சிக் காட்டுறது, திரும்ப மடிக்கிறது. எட்டு மணிக்கு நின்னா ஏழு மணி மட்டுக்கும்.”

“நின்னுக்கிட்டேவா?”

“உக்காந்தா வாப்பா ஏசுவார்.”

அம்மா சேலை முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகினாள். “நின்னு செய்யிற வேலைக்கு சோறு தாங்காது” என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

கவ்வாத்து மலையிலிருந்து அப்பா கொண்டுவந்து அடுக்கிய தேயிலை மிலாறு விறகு எங்கள் அடுப்பில் சடசடவென்று பிடிக்கும். சிநேகிதியும் பின்னாலேயே போய்ப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை. தேங்காயையும் துருவலையையும் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். அவள் துருவியதில் பாதி சிரட்டையோடு வந்தது. “இப்படித் துருவினா மாமியா வீட்டுல ரெண்டு நாளுதான்” என்றாள் அம்மா. கல்யாணச் சேலையில் மாவு பட்டது. அதைப் பார்த்தும் தட்டிவிடவில்லை. சம்பலை நான் அரைத்தேன், உறைப்புப் போதாது என்று அம்மா என்னிடமிருந்து குழவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

எட்டு ரொட்டி. ஆறினபிறகு, மலைக்குக் கொண்டுபோகும் அதே துண்டில் சுற்றி, சம்பலைத் தனியாகக் கட்டி, அம்மா அவள் கையில் கொடுத்தாள். இப்போது பிரிக்கக்கூடாது, இது நாளைக்கு என்று சொன்னாள். படியிறங்கும்போது மழை தொடங்கிவிட்டது. அவள் அந்தப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள்.

வரும் வழி முழுக்க நான் ஒரு துண்டு பிய்த்துப் பார்க்கச் சொன்னேன். அவள் அசையவில்லை. அப்புத்தளையில் அந்தத் தகரக் கூரைக் கடையைத் தாண்டும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் பாடசாலை விடுகிற நேரத்தில் போன் வந்தது. துணி அடுக்கிய தட்டு மறைவில் நின்றபடி சாப்பிட்டாளாம். கடையில் நிற்கும் இரண்டு பெண்களுக்கும் கொடுத்தாளாம், வாப்பா வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் புள்ளியைச் சொன்னாள். ஏழே முக்கால்.

“அப்புத்தளைக்கு எட்டு!” என்றேன்.

“அது சூடு. பொய் சொல்லச் சொல்றீங்களா?”

நான் போனை வைத்துவிட்டேன். என் தாயின் ரொட்டிக்குக் கால் புள்ளி குறைத்தவளோடு அன்று முழுக்கப் பேசுவதில்லை என்று முடிவு. பின்னேரம் அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. புள்ளியை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“எத்தன மணிக்கு தின்னாளாம்?”

“ஒரு மணிக்கும் மேல.”

“அதான். அவ்வளவு நேரம் வச்சிருந்தா ஓரம் வெறச்சிப் போகும். அடுத்த தடவ கட்டிக் குடுக்கிறேன், பத்து மணிக்கு திங்கச் சொல்லு அவள.”