சூடேறாத லொறி

அந்தச் சனிக்கிழமை காலை லொறிக்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர்: அத்தான், அண்ணை, நான். அக்காவுக்குச் சனிக்கிழமையும் வேலை, அவ வரவில்லை. அண்ணியும் வரவில்லை, அந்த லொறியை இனிக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்று முதல்நாள் சொல்லியிருந்தா. லைசென்ஸ் உள்ள மெக்கானிக் ஒருவரும் இல்லை. நாங்கள் கூப்பிடவில்லை. அவருக்குப் பதிலாகத்தான் நான் நின்றேன், நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகத்தோடு.

இடம் நகரத்தின் வடக்கோரம் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரக் கடைத்தொகுதி ஒன்றின் பின்பக்கம். லொறி பழைய ஐந்து தொன் டீசல். அக்காவின் புருஷனான அத்தானும் அண்ணையும் பங்காக வாங்கியது. மற்ற நாட்களில் அத்தான் நகரத்துக்குள் சாமான் ஏற்றி இறக்குவார். வியாழக்கிழமைகளில் அண்ணை அரிசி, மா, மரக்கறி ஏற்றிக்கொண்டு வடக்கே சட்பெரி நகரத்துத் தமிழ்க் கடைக்குத் தனியாகப் போவார். நானூறு கிலோமீற்றர் வரும். இரவு கடைக்காரரின் வீட்டில் படுத்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்புவார்.

லொறிக்கு வந்த வருத்தம், எஞ்சின் சூடேறாதது. ஒரு மணித்தியாலம் ஓடினாலும் சூடு காட்டுகிற ஊசி அடியை விட்டு எழும்பாது. ஹீற்றரைப் போட்டால் குளிர்காற்றுத்தான் வரும். கார்த்திகையிலேயே அண்ணை இதைச் சொன்னார். அத்தான் சிரித்தார். ஊரில் பதினெட்டு வருடம் லொறி ஓடியவர் அவர். "எஞ்சின் கொதிக்குது எண்டு அழுறவையைக் கண்டிருக்கிறன். கொதிக்கேல்லை எண்டு அழுற ஆளை இப்பதான் காணுறன்" என்றார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. சூடுதான் எஞ்சினைத் தின்னும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

தை பிறந்து குளிர் இறுகியதும் என்னைக் கேட்டார்கள். நான் அப்போது கொலிஜில் கணக்கியல் முதலாம் வருடம். எஞ்சினுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் படித்தவன் என்றால் எல்லாம் படித்தவன். ஐயா கையெழுத்துக்குப் பெருவிரல் வைத்தவர். அக்கா மூன்றாம் வகுப்பு. அண்ணை ஐந்தாம் வகுப்போடு லொறிக்குக் கிளீனராகப் போனவர். அவர்கள் இருவரும் உழைத்துத்தான் நான் படித்தேன். அகதி விண்ணப்பப் படிவம் வந்தால் நான்தான் வாசிப்பேன். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்றாலும் நான்தான். தெரியாது என்று ஒரு சொல் இருப்பதை அவர்கள் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. நானும் அதைச் சொல்லிப் பழகவில்லை.

புத்தகத்தில் ஒரு அட்டவணை இருந்தது. எஞ்சின் குளிராக ஓடினால் என்னென்ன பார்க்கவேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதல் வரி, ஊசிக்குச் செய்தி அனுப்புகிற சென்சர் பழுதாக இருக்கலாம் என்றது. நான் முதல் வரியோடு நின்றுவிட்டேன். புதுச் சென்சர் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். ஊசி ஒரு நூலளவு எழும்பியது போல இருந்தது. அப்படியானால் ஹீற்றர் ஏன் குளிராக ஊதுகிறது என்று அண்ணை கேட்டார். அது வேறு பழுது, ஆறுதலாகப் பார்க்கலாம் என்றேன். காய்ச்சலும் நடுக்கமும் ஒன்றாக வந்தால் அது ஒரே வருத்தம் என்று எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஐயாவும் சொல்லியிருப்பார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஊசிதான் பொய் சொன்னது. நீங்கள் போங்கோ."

அண்ணை மறுகேள்வி கேட்கவில்லை. நான் சொன்னால் அவருக்குப் போதும். அந்த வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டுப் போனார்.

வடக்கே மைனஸ் முப்பத்தொன்று என்று வானொலியில் சொன்னார்கள். சட்பெரிக்குப் போனதும் அண்ணை வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். வழக்கமாக இரண்டு மணிக்கு முன் எடுத்துவிடுவார். அன்று இரண்டும் போனது, மூன்றும் போனது. கடைக்கு எடுத்துக் கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார்கள். அண்ணையின் பேஜருக்கு எங்கள் நம்பரை அடித்தேன். அந்தக் காட்டுப் பாதையில் பேஜர் வேலை செய்யாது என்று எனக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். அவ குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தா. நாலு பேருக்கு வேண்டியது எப்போதோ சீவி முடிந்துவிட்டது. பை முடியும்வரை சீவினா.

"நீ பார்த்தனிதானே?" என்று திரும்பாமல் கேட்டா.

"ஓம் அண்ணி."

"வடிவாப் பார்த்தனிதானே?"

ஹீற்றர் என்ற ஒன்றை நான் பார்க்காமல் விட்டதுதான் நினைவில் நின்றது. எழுந்துபோய்த் தொலைபேசியைத் தூக்கி, அதில் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைத்தேன். தூக்கிய அந்த நேரத்தில் அவர் எடுத்திருந்தால் லைன் கிடைத்திருக்காதே என்று பிறகு அதற்கும் பயந்தேன்.

நாலரைக்கு அண்ணை எடுத்தார். வந்து சேர்ந்திட்டன் என்று மட்டும் சொன்னார்.

மிச்சத்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துதான் சொன்னார். பாதி வழியில் உள்ள பரி சவுண்ட் ஊரைத் தாண்டியதும் முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி பிடித்திருக்கிறது. அவருடைய மூச்சுத்தான் பட்டுப் பட்டு உறைந்திருக்கிறது. ஒரு கையால் ஸ்ரேரிங்கைப் பிடித்து, மற்றக் கையில் கசெற் மூடியை வைத்துச் சுரண்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். சுரண்டச் சுரண்ட மூடியது. கடைசியில் பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓடினாராம். எதிரே மரம் ஏற்றி வந்த பெரிய லொறியை அவர் கண்டது அது கிட்ட வந்த பிறகுதான். வெட்டி ஒதுக்கினார். முன்சில்லு கரையோரப் பனிமேட்டில் ஏறி நின்றுவிட்டது. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு பனி தள்ளுகிற வாகனக்காரன் ஒருவன் வந்து இழுத்துவிட்டிருக்கிறான். அவ்வளவு நேரமும் எஞ்சினை நிறுத்தாமல், இரண்டு காலையும் ஒரு வெறும் அரிசிச் சாக்குக்குள் விட்டுக்கொண்டு இருந்தேன் என்றார்.

இதையெல்லாம் பகிடியாகத்தான் சொன்னார். "மீசையிலை ஐஸ் கட்டிப்போச்சு. ஆரோ வெள்ளைக்காரக் கிழவன் எண்டு கடைக்காரன் இங்கிலீஷிலை கதைக்கத் தொடங்கிட்டான்" என்று சிரித்தார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆறிய பிறகும் அதை மேசையில் வைக்கவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வியாழனும் போகவேண்டும், விட்டால் கடைக்காரன் வேறு ஆளைப் பிடித்துவிடுவான் என்று மட்டும் சொன்னார். அண்ணி எழுந்து அறைக்குள் போனா. அப்போது சொன்னதுதான், அந்த லொறியை இனிக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்பது.

சனிக்கிழமை நான் அட்டவணையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு வந்திருந்தேன்.

எஞ்சின் சூடேறும்வரை அதன் தண்ணீர் ஆறவைக்கிற ரேடியேற்றருக்குப் போகாமல் ஒரு சின்னப் பித்தளை அடைப்பு மறித்து வைத்திருக்கும். தெர்மோஸ்ரற் என்று பெயர், சூடேறினால் திறக்கும்; ஹீற்றருக்குச் சூடு தருவதும் இதே தண்ணீர்தான். அது வேலை செய்தால், எஞ்சினை எழுப்பி வெகுநேரம் வரை ரேடியேற்றரின் மேல்குழாய் குளிராகவே இருக்கவேண்டும். நான் கையுறையைக் கழற்றிக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அண்ணை எஞ்சினை எழுப்பினார். கொஞ்ச நேரத்திலேயே என் உள்ளங்கையில் இளஞ்சூடு தெரிந்தது. இன்னும் ஏறாமல் அப்படியே நின்றது. அடைப்பு திறந்தபடி இறுகிவிட்டது என்று முடிவுகட்டினேன். எஞ்சினை நிறுத்தி, அந்த இடத்து மூடியின் இரண்டு போல்ற்றையும் கழற்றினோம்.

உள்ளே ஒன்றும் இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன். சுற்றிவர வெறும் இரும்பு.

"இதுக்குள்ளை தெர்மோஸ்ரற்றே இல்லை" என்றேன். அண்ணை என்னைப் பார்த்த பார்வையில், இவன் மறுபடியும் பிழை விடுகிறானோ என்ற கேள்வி இருந்தது. அத்தான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அது நான் கழட்டினது" என்றார். "ஆடி மாசம், லொறி கொதிச்ச அண்டைக்கு."

"ஏன் சொல்லேல்லை அத்தான்?"

"உதிலை சொல்ல என்ன கிடக்கு? ஊரிலை ஆர் உதை வைச்சு ஓடினவன்? லொறி கைக்கு வந்தால் முதல் வேலை உதைக் கழட்டி எறியிறதுதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஊர் வெயிலுக்கு அது சரியான வைத்தியம். அண்ணையும் கிளீனராக இருந்த காலத்தில் எத்தனையோ தடவை பார்த்தது. அதனால்தானோ என்னவோ அவர் கத்தவில்லை. ஹீற்றர் குளிராக ஊதியபோதும் அத்தானுக்கு ஆடி மாதத்து வேலை ஞாபகம் வரவில்லை. அதை ஒரு வேலையாகவே அவர் எண்ணியிருக்கவில்லை.

புத்தகத்தின் அடுத்த வரி என்னை இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னது. கொதித்த பிறகு ரேடியேற்றருக்குள் என்ன ஊற்றினார் என்று கேட்டேன்.

"தண்ணிதான். பின்னை, பாலே ஊத்துறது?"

கோடை முழுவதும் குழாய்த்தண்ணீர். உறையாமல் இருக்க விடுகிற மருந்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் குழாய் வாங்கி வைத்திருந்தேன். உள்ளே ஐந்து நிற உருண்டைகள். மருந்து போதுமென்றால் ஐந்தும் மிதக்கும். ரேடியேற்றர்த் தண்ணீரை அதில் உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்று மிதந்தது. மற்ற நாலும் அடியில் கிடந்தன. மைனஸ் பன்னிரண்டில் உறையும் என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. அண்ணை போனது மைனஸ் முப்பத்தொன்றில். தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பும் வெடிக்கும். இரவில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் கரண்ட் வயரைச் சட்பெரியில் கொழுவிவிட்டுப் படுத்திருக்கிறார், அது ஒன்றுதான் காப்பு. பனிமேட்டில் நின்ற ஒன்றரை மணித்தியாலம் எஞ்சினை நிறுத்தியிருந்தால்? நான் கணக்குப் படிக்கிறவன். அந்தக் கணக்கை முடிக்கத் துணிவு வரவில்லை.

பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தேன். அதன் உட்புறத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் களி ஒட்டியிருந்தது. புத்தகம் இதற்கு இரண்டு காரணம் சொன்னது. எஞ்சின் குளிராகவே ஓடியதால் ஈரம் வேர்த்து எண்ணெயோடு சேர்ந்திருக்கலாம். அப்படியென்றால் எண்ணெயை மாற்றினால் சரி. அல்லது எஞ்சினின் உள்ளே வெடிப்பு விழுந்து, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அது எந்த இடத்திலும் நின்றுபோகும். இரண்டுக்கும் ஒரே நிறம்.

அண்ணை களியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "புதுசு பூட்டி, எண்ணெய் மாத்தி, மருந்தும் விட்டால் வியாழக்கிழமை போகலாமோ? சொல்லு."

"படிச்ச தம்பி சொல்லட்டும்" என்றார் அத்தான். வழக்கமாக அதைக் குத்தலாகத்தான் சொல்வார். அன்று குத்தலாக இருக்கவில்லை.

ஈரம்தான், வெடிப்பு இல்லை என்றே நான் நினைத்தேன். பத்தில் எட்டுப் பங்கு அப்படித்தான் பட்டது. போகலாம் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அண்ணை மறுபடி அந்தப் பாதையில் ஏறுவார், ஒரு கேள்வியும் கேட்கமாட்டார் என்று நினைத்ததும் அதை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது அண்ணை."

"புத்தகத்திலை இல்லையோ?"

"இருக்கு. ரெண்டு மாதிரி இருக்கு. எது எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளிட்டைக் காட்டாமல் நீங்கள் போகக்கூடாது."

அண்ணை லொறியின் படியில் இருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைத் துணியில் துடைத்தபடியே இருந்தார், துடைத்து முடிந்த பிறகும். வியாழக்கிழமை முழுவதும் அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூடியைத் திரும்பப் பூட்டி, திங்கட்கிழமை மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் வயதான வெள்ளைக்காரர். ரேடியேற்றர் வாயில் ஒரு பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். பம்பில் இருந்த ஊசி கீழே இறங்கக்கூடாது, இறங்கினால் எங்கோ ஒழுக்கு என்று எனக்குச் சொன்னார். நான் அத்தானுக்கும் அண்ணைக்கும் சொன்னேன். மூன்று பேரும் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது மெல்ல இறங்கியது. அவர் ரோச் லைற் அடித்து எஞ்சினைச் சுற்றித் தேடினார். ஒரு சொட்டும் வெளியே இல்லை. வெளியே இல்லையென்றால் உள்ளே என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அத்தான் முணுமுணுவென்று முருகனைக் கூப்பிடத் தொடங்கினார். பத்து நிமிடம் போயிருக்கும். மெக்கானிக் லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினார். விரல் நனைந்திருந்தது. உள்ளே தண்ணீர் உறைந்ததில், ரேடியேற்றரின் அடியில் பற்றவைத்த தையல் பிளந்திருந்தது. அவர் குழாய்களை அடைத்துவிட்டு, எஞ்சினுக்கு மட்டும் தனியாகக் காற்றடித்தார். இந்த முறை ஊசி அசையவில்லை. எஞ்சின் வெடிக்கவில்லை.

ஓடும்போதே ரேடியேற்றர் உறையத் தொடங்கியிருக்கிறது என்றார் அவர். அந்தப் பாதையில் நின்றுபோயிருந்தால் நீங்கள் தேடிப்போயிருப்பது லொறியை அல்ல, ஆளை என்றும் சொன்னார். நான் ரேடியேற்றர் உறைந்த கதையைத் தமிழில் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"கடைசியாச் சொன்னது எனக்கும் விளங்கினது" என்றார் அண்ணை.

அந்த வியாழன் வாடகை லொறியில் போனார். எங்கள் லொறி கராஜிலிருந்து வர இன்னும் ஒரு கிழமை சென்றது. செலவு முழுவதையும் தானே தருவதாகச் சொன்னார் அத்தான்; அண்ணை விடவில்லை. பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லி, மூன்றில் ஒரு பங்கை நான் தந்தேன். ரேடியேற்றர், தெர்மோஸ்ரற், எண்ணெய், மருந்து, வாடகை லொறி, வரி எல்லாம் சேர்த்து எண்ணூற்று அறுபத்துமூன்று டொலர் முப்பது சதம்.